காசும் கேஷும்: ஒரு முன்னாள் காசாளரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் 'ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்' என்று அரைப் பக்கத்துக்கு ஒரு பட்டியல் வந்திருந்தது. அதன் முதல் வரி 'காசு – கேஷ்'. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்தச் சொல்லுக்கும் நெடுநாள் உறவு.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 1974 முதல் 2012 வரை வேலை பார்த்தவன். அதில் 17 வருடம் கேஷ் கவுண்டர். கம்பிக் கூண்டுக்குள் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே ஒரு பலகை தொங்கும். தமிழில் 'காசாளர்', அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'கேஷியர்'. தினமும் காலையில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இரண்டும் ஒரே சொல்தான், நம்முடைய காசைத்தான் வெள்ளைக்காரன் வாங்கிக்கொண்டு போய் கேஷ் ஆக்கினான் என்று மனதார நம்பினேன். கூட வேலை பார்த்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

என் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். உங்கள் பட்டியலைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, அதை வைத்து ஒரு பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்தாள். நன்றாகவே பேசினாள். முடிந்ததும் நடுவராக வந்திருந்த ஒரு அம்மா, "சரி, ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எப்போது, யாரிடமிருந்து எடுத்தார்கள்? சொல்லு கண்ணு" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு வாய் அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, நீங்க கேஷியரா இருந்தவங்கதானே, நீங்க சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நான்கைந்து நாள் ஆயிற்று. படித்ததில் விளங்கிய முதல் விஷயம், ஆங்கிலத்தில் கேஷ் என்பது ஒரு சொல் இல்லை என்பது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருக்கிற இரண்டு சொற்கள். பெரிய ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடுகின்றன. ஒன்று லத்தீனில் பிறந்தது. மற்றது நம்முடையது. நாம் தினமும் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறோமே, அந்த கேஷ் நம்முடையது இல்லை.

அந்த லத்தீன் கேஷின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'கேஸ்' ஆயிற்று. வியாபாரி பணம் போட்டு வைக்கிற பெட்டிக்கும் அதே பெயர். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 1590களில் நுழைந்தபோது அதற்குப் பணம் என்ற பொருளை விடப் பணப்பெட்டி என்ற பொருளே முன்னால் நின்றது. 1598இல் ஜான் ஃபிளோரியோ என்பவர் ஒரு இத்தாலிய – ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் காஸ்ஸா என்ற சொல்லுக்கு வியாபாரியின் கேஷ் என்று பொருள் கொடுத்திருக்கிறார். ஆண்டைக் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்ததே 1600 டிசம்பர் 31இல்தான். மசூலிப்பட்டணத்தில் அவர்கள் காலூன்றியது 1611, சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது 1639. நம் கடற்கரையில் ஆங்கிலேய வியாபாரி கடை போடுவதற்கு முன்பே லண்டன் வியாபாரியின் மேஜையில் கேஷ் என்ற பெட்டி இருந்திருக்கிறது.

பெட்டிக்கு வைத்த பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு எப்படிப் போகும் என்று பேத்தி கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போனேன். ராத்திரி ஒன்பது மணி, கடை சாத்துகிற நேரம். கடைக்காரர் மரப்பெட்டியை இழுத்து வைத்து, நோட்டை ஒரு பக்கமும் சில்லறையை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு கல்லா எவ்வளவு?" என்றேன். "எங்க சார், நாலாயிரம் தாண்டல" என்றார். கல்லா என்பது பெட்டி. நான் கேட்டது பெட்டியின் விலையை இல்லை என்று அவருக்குத் தெரியும். 'கல்லா கட்டியாச்சு', 'கல்லா நிறைஞ்சுது', 'கல்லாவுல கை வச்சுட்டான்' என்று நாம் சொல்லும்போதெல்லாம் பெட்டியின் பெயர் பணத்துக்குத் தாவுகிறது. லண்டனில் நடந்ததும் இதேதான். பேத்திக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். பரண்மேல் கிடக்கும் சூட்கேஸில் வரும் 'கேஸ்' அதே பெட்டி. டாக்டர் எழுதிக் கொடுக்கும் கேப்சூல், சின்னப் பெட்டி. பாட்டுக் கேட்ட கேசட், அதுவும் சின்னப் பெட்டி. ஆனால் நீதிமன்றத்தில் போடுகிற கேஸ் இந்தக் குடும்பம் இல்லை. அது வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் வங்கியில் கேஷ் பாக்ஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி உண்டு. சாயங்காலம் கணக்கு டாலி ஆனதும் அதை ஸ்ட்ராங் ரூமுக்குள் வைத்து, என்னுடைய சாவியும் அதிகாரியின் சாவியும் சேர்ந்து பூட்ட வேண்டும். பழைய பொருளில் பார்த்தால் 'பெட்டிப் பெட்டி' என்றுதான் அத்தனை வருடமும் சொல்லியிருக்கிறேன்.

இனி நம் காசு. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

சங்க காலத்தில் காசு என்றால் கடையில் கொடுக்கும் சில்லறை மட்டும் இல்லை, நகையில் கோக்கும் பொன் காசும்கூட. குறுந்தொகையில் 67ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண் பாடியது. கிளி தன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்றால், புது நூலில் கோப்பதற்காக நகைக்காரர் தன் கூரிய நகநுனிகளுக்கு நடுவே ஒரு பொன் காசைப் பிடித்திருப்பது போல இருக்கிறதாம். பிரிந்துபோன தலைவன் அந்தக் காட்டில் இதைப் பார்த்தாவது என்னை நினைக்க மாட்டானா என்பது பாட்டின் ஏக்கம். ஆயிரக்கணக்கில் நாணயங்களை விரலில் தள்ளித் தள்ளி எண்ணியவன் நான். காசை நகநுனியில் பிடிக்கிற அந்தப் பிடி எனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் வெண்பா இலக்கணம் படித்த எல்லோருக்கும் காசு தெரியும். நாள், மலர், காசு, பிறப்பு. 1,330 குறளில் எதை எடுத்தாலும் கடைசிச் சீர் இந்த நான்கு சொற்களில் ஒன்றின் ஓசையில்தான் முடியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு வட்டிக்குப் போகிறது. ராஜராஜன் காலத்தில் கோயிலுக்காகக் காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை. டெபாசிட் ரசீது எழுதியே கை தேய்ந்தவனுக்கு இதை விட நெருக்கமான கல்வெட்டு கிடையாது.

அப்புறம் இன்னொன்று. காசு என்று ஒலிக்கிற வேறொரு பொருளும் தமிழில் உண்டு: குற்றம். கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போது 'காசறு விரையே' என்கிறான். குற்றமில்லாத நறுமணமே என்று பொருள். அங்கே நாணயத்துக்கு வேலை இல்லை. ஒரே ஒலிக்குள் இரண்டு பொருள் இருப்பது நமக்கும் பழக்கமானதுதான், அதனால் ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் என்று கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இந்தக் காசைக் கடல் கடத்தியவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் காதில் காசு என்று விழுந்ததைத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், போர்த்துக்கீசிய மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி என்று பொருள்! மேலே சொன்ன அதே லத்தீன் காப்சாவின் பிள்ளை. போர்த்துக்கல்லின் அரசு வங்கி 1876இல் தொடங்கியது, அதன் பெயர் இன்றும் கைஷாவில்தான் ஆரம்பிக்கிறது. ஆக, நம் காசு கப்பலேறும்போது, தற்செயலாக, அந்தப் பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டது. அந்தச் சட்டையோடு ஆங்கிலத்துக்குள் போய் 'கேஷ்' என்று நின்றது. முகம் ஒன்றாக இருந்ததால் பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒருவர் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் பட்டியலை எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், நான் நினைத்ததைப் போல. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே தமிழ்க் காசின் இந்தப் பாதை பதிவாகியிருக்கிறது. அந்த பர்னல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், நம் ஊர்ச் சொற்களைக் காதால் கேட்டவர்.

இந்த இரண்டாவது கேஷுக்கு ஆங்கிலத்தில் பொருள் ரொக்கம் இல்லை. கிழக்கு நாடுகளின் மிகச் சிறிய மதிப்புள்ள நாணயம். சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டமான செப்புக்காசு உண்டு, படத்தில் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கோத்து, ஆயிரம் காசு ஒரு சரம் என்று எண்ணுவார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு சீனர்கள் புழங்கிய நாணயம் அது. அதற்குச் சீனர்களிடம் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் உலகம் முழுக்க நாணயம் சேகரிப்பவர்கள் அதை ஆங்கிலத்தில் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'சைனீஸ் கேஷ்'. அந்த கேஷ் நம் காசு. சீனாவின் நாணயத்துக்கு உலகம் தமிழ்ப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறது. உங்கள் பட்டியலில் இது வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சென்னையிலும் கம்பெனிக் கணக்கு இந்தக் காசில்தான் நடந்தது. 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். நம் பணத்தை அவர்கள் 'ஃபனம்' என்று எழுதினார்கள். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்த பிறகுதான் இது ஒழிந்தது. அதற்குப் பத்து வருடம் முன், 1808இல், சென்னைக்கு வேண்டிய செப்புக்காசை இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தனியார் நாணயச் சாலையில் அடித்து, 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் அந்தக் கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. டன் கணக்கில் காசு மணலுக்குள் போயிற்று. 1980களில்தான் முக்குளிப்பவர்கள் அள்ளி எடுத்தார்கள்.

அதில் ஒன்றை ஒரு நாணயக் கண்காட்சியில் என் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். 20 காசு. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதற்கு அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் கேஷ் என்று ஆங்கில எழுத்து. அந்தப் பாரசீக வரியைப் படித்தால், 'பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்' என்று வரும். இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும் என்று அர்த்தம். பாரசீகத்தில் காஸ், ஆங்கிலத்தில் கேஷ், இரண்டும் ஒரே செம்பில். அன்று எனக்கு இதன் அருமை தெரியவில்லை, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால், பேத்தியைக் கேட்ட அந்த நடுவர் அம்மாவுக்கு இந்த ஒரு நாணயமே பதில். எப்போது, யாரிடமிருந்து என்ற இரண்டுக்கும்.

எங்கள் நாகர்கோவிலுக்கு இதில் இன்னும் ஒரு உரிமை உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை ரூபாய் பைசா என்று பேசியதே இல்லை. "கையில சக்கரம் இருக்கா மக்ளே?" என்றுதான் கேட்பாள். எனக்கு எண் சொல்லிக் கொடுத்ததே அவள் வாய்ப்பாடுதான். காசு பதினாறு ஒரு சக்கரம், சக்கரம் நாலு ஒரு பணம், பணம் ஏழு ஒரு ரூபாய். அதாவது ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 448 காசு. வெள்ளைக்காரன் ரூபாய் என்றால் 28 சக்கரத்துக்கு மேலே 8 காசு கூட வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மனதிலேயே போடத் தெரிந்தவள், பள்ளிக்கூடம் போகாதவள்.

அவள் வெற்றிலைச் செல்லத்தின் அடியில் ஒரு காசு கிடந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஊதினால் பறக்கிற எடை. ஒரு பக்கம் சங்கு. மறுபக்கத்து ஆங்கில எழுத்து தேய்ந்து மங்கிவிட்டது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கேஷ் என்று தெரியும். சின்ன வயதில் இதைத்தான் நான் ஆதாரமாக நினைத்தேன்: பார், காசில் கேஷ் என்று போட்டிருக்கிறான், இரண்டும் ஒன்றுதான். ஆதாரம் சரியானதுதான். அந்த கேஷ் தமிழ்க் காசுதான், சந்தேகமே இல்லை. ஏடிஎம் இயந்திரத்தில் எழுதியிருக்கிற கேஷ்தான் வேறு.

ஒரு சின்ன விஷயம் இடையில். எங்கள் பக்கம் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் அதிகம். பென்ஷன் வாங்க வரும் ஒரு சுபேதார் ஐயா ஒருநாள் என் பலகையைக் காட்டி, "எங்க சர்வீஸ்ல இந்த வார்த்தைய கேட்டா ஆபீசர்லாம் நடுங்குவாங்க" என்றார். உண்மைதான். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் அதிகாரிகளுக்கான தண்டனைகளில் ஒன்று 'கேஷியரிங்', அவமானத்தோடு பதவி பறிப்பது. அது மூன்றாவது ஆள். டச்சுக்காரர் நாட்டுப் போருக்குப் போன ஆங்கிலச் சிப்பாய்கள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து கொண்டுவந்த சொல். ரத்து செய்வது என்பது அதன் பழைய பொருள். பெட்டிக்கும் காசுக்கும் அதோடு ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயம் இருக்கிறது. தமிழின் பெருமையைக் குறைக்க வந்துவிட்டான் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. என் எண்ணம் நேர் எதிர். கட்டுமரமும் சுருட்டும் வெட்டிவேரும் அணைக்கட்டும் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன, யாரும் அசைக்க முடியாது. எந்தத் துறைமுகம், எந்த வியாபாரி என்று வழி காட்ட முடிகிற சொற்கள் அவை. அவற்றின் பக்கத்தில் 'எட்டு – எயிட்' என்றும் எழுதியிருந்தீர்கள். எயிட் என்பது ஜெர்மனில் ஆக்ட், லத்தீனில் ஆக்டோ, வடமொழியில் அஷ்ட என்று ஒரே குடும்பமாக இருக்கிற சொல். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக அதை நம் கணக்கில் வரவு வைத்தால், கேள்வி கேட்கிறவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார். கட்டில் ஒரு நோட்டு கள்ளநோட்டு என்றால் கட்டு முழுவதையும் பிரித்து எண்ணுவோம், 17 வருடம் அப்படித்தான் செய்தேன். அன்று என் பேத்தி சொன்ன கட்டுமரத்தையும் சேர்த்துத்தான் யாரும் நம்பாமல் போனார்கள். அதுதான் அவளை அழவைத்தது.

ஆகவே, தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். பட்டியலிலிருந்து காசை நீக்க வேண்டாம். 'ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் லத்தீன் வழி வந்தது. சீனாவிலும் சென்னையிலும் திருவிதாங்கூரிலும் புழங்கிய கேஷ் என்ற சிறுநாணயப் பெயர் தமிழ்க் காசிலிருந்து போனது' என்று இரண்டு வரி போதும். எட்டை எடுத்துவிடுங்கள். இடம் இருந்தால் அட்மிரல் கார்டனர் கப்பல் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடலாம், பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்.

அடுத்த மாதம் பேத்திக்கு வேறொரு போட்டி இருக்கிறது. தலைப்பை அவளே வைத்துக்கொண்டாள்: 'ஒரு காசின் பயணம்'. ஆச்சியின் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகப் போகிறாளாம். தொலைத்துவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் உங்கள் திருத்தம் வந்துவிட்டால் அதையும் கத்தரித்து, பழைய பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
நாகர்கோவில்.